அம்மாயியின் தனி அட்டை

ஒரு திதியைக் கேட்டு வருவதற்காக நான் இலங்கைக்குப் போனேன். கோத்தகிரித் தபால் நிலையத்தில் லீவு எழுதிக் கொடுத்தபோது பக்கத்துக் கவுண்டர்காரர் சிரித்தார். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடுமே என்றார். போன் போட்டுக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் போயிற்று. அங்கிருக்கும் என் தாய்மாமா ஒரு முறை மாசி என்பார், அடுத்த முறை பங்குனி என்பார். அழுத்திக் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார்.

இறந்தது என் அம்மாவின் அம்மா, அங்கம்மா. எங்களுக்கு அம்மாயி. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அம்மா கல்யாணமான புதிதில், அப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்த்துக்கொண்டு, மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு ரயிலேறி வந்தவள். அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்களாம். அம்மாயியும் மாமாவும் தோட்டத்தில் நின்றுவிட்டார்கள். பிறகு கலவரத்தில் தோட்டத்து லயன் வீடுகளைக் கொளுத்தியபோது வன்னிக்கு ஓடி, கண்டாவளைப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்கள். கடைசிச் சண்டையின்போது அம்மாயி உடையார்கட்டில் ஒரு தார்ப்பாய்க் கொட்டிலில் காய்ச்சல் வந்து செத்துப்போனாள், அங்கேயே அடக்கம் செய்தோம் என்று மாமா சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இப்போது வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். கண்ணை மூடுவதற்குள் ஒரு தரமாவது தன் தாய்க்குத் திவசம் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்தார். அம்மா ஒப்பவில்லை. தெரியாமல் போக அவள் என்ன அனாதையா, பெற்ற மகன் பக்கத்தில் இருந்து மண் போட்டிருக்கிறான், அவனிடம் நேரில் போய்க் கேட்டு வா என்று என்னை அனுப்பினாள்.

கிளிநொச்சியில் இறங்கியபோது காலை பத்து மணி. அதற்குள்ளாகவே வெயில் முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஆவணி மாதம். கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற மாதம் இது. பஸ் நிலையத்துக் கடையில் தேநீர் கேட்டேன். தேயிலை விளையும் ஊரில் பிறந்தவளுக்கு, பால்மாவைக் கரைத்து, நாக்கில் ஒட்டுகிற மாதிரிச் சர்க்கரை போட்டுத் தந்தார்கள். குற்றம் சொல்ல வாய் வந்தது. வெயிலுக்கு அது நன்றாக இருந்ததால் இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன்.

பக்கத்தில் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நான் யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். மாமாவின் பெயரைச் சொன்னேன். அடுத்து அவர் கேட்டது, கடைசியில் அவர்கள் எந்தப் பக்கத்தால் வந்தவர்கள் என்று. எங்கள் ஊரில் புது ஆளைப் பார்த்தால் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்பார்கள். இங்கே ஒரு குடும்பத்தை அடையாளம் காண, அவர்கள் எந்த வழியால் உயிரோடு வெளியே வந்தார்கள் என்று கேட்கிறார்கள்.

மாமாவின் மகள் தர்சினி மோட்டார் சைக்கிளில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். முன்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். என்னை மச்சாள் என்று கூப்பிட்டாள். மாமா பிள்ளைகள் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, மதியத்துக்குள் பழகிவிட்டது.

பரந்தன் தாண்டியதும் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருந்தது. சிறுபோக அறுவடை. தார் ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் காயப்போட்டு, அது பறக்காமல் ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். லொறிக்கு ஒதுங்கப்போய் எங்கள் பின் சக்கரம் அந்தக் கல் ஒன்றில் ஏறிக் காற்றுப் போய்விட்டது. அரை மைல் தூரம் தள்ளிக்கொண்டு நடந்தோம். டியூப் ஒட்டுகிற கடைக்காரர் நான் அங்கம்மாவின் பேத்தி என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

யானைக் கதை. குடியேறிய புதிதில் ஒரு யானை வயலுக்குள் வந்துவிட்டதாம். ஆண்கள் எல்லாம் மரத்தில் ஏறிவிட்டார்கள். அம்மாயி மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டே போய், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைத் திட்டிய அதே வார்த்தைகளால் யானையைத் திட்டினாளாம். யானை திரும்பிப் போய்விட்டது. யானைக்கு அந்தப் பேச்சு விளங்கியிருக்கவேணும் என்று சொல்லி அவர் சிரித்தார். தர்சினி எத்தனையாவது தடவையாகவோ கேட்கிறாள் என்று தெரிந்தது. அவளும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். காலையில் குழல் புட்டும் சம்பலும். மதியம் சிவப்பரிசிச் சோறு, குளத்து மீன் குழம்பு. அத்தை குசினியிலிருந்து என்னை எழும்ப விடவில்லை, கதிரையைப் போட்டு உட்கார்த்திவைத்துச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்தாள். மாமா ஒல்லி, வழுக்கை, பேச்சில் மன்னன். வந்த நேரத்திலிருந்து அவர் வாயில் அம்மாயிதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு கமக்காரர் வயலில் அம்மாயி கூலிக்குப் போனாளாம். பத்து மணி ஆனதும் தேத்தண்ணி வரவில்லை என்று வரம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்தில் பத்து மணிக்குத் தேத்தண்ணி உண்டு, இங்கே ஏன் இல்லை என்று கேட்டாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றப் பெண்களும் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அந்த வயலில் பத்து மணித் தேத்தண்ணி வழக்கமாகிவிட்டது. என் பங்குக்கு நானும் அம்மா சொன்ன கதை ஒன்றைச் சொன்னேன். கொழுந்து நிறுக்கும்போது எடையைக் குறைத்துச் சொன்ன கணக்கப்பிள்ளையின் குடையை, அம்மாயி தன் கூடைக்குள் கொழுந்துக்கு அடியில் போட்டுக்கொண்டு போன கதை. மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. குடையின் நிறத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்தது.

நான் பார்க்காத ஒருத்தி அந்த வீட்டில் எழும்பி நடமாடுவது போல இருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் தபால் நிலையத்தில் இருபது வருஷம் மற்றவர்களின் படிவத்தைப் பார்த்துப் பழகியவள். எது நிரப்பப்படாமல் இருக்கிறதோ அதில்தான் என் கண் போகும். எல்லாக் கதையிலும் ஊரும் ஆளும் பொழுதும் துல்லியமாக இருந்தன. உடையார்கட்டுக்கு வந்ததும் மாமாவுக்கு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் நினைவு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் அந்த மாடு நாலு தரம் தண்ணீர் குடித்தது.

மூன்றாம் நாள், அடக்கம் செய்த இடத்தையாவது காட்டுங்கள் என்று மாமாவை இழுத்துக்கொண்டு புறப்பட்டேன். புதுக்குடியிருப்பு பஸ். கூட்டத்தில் ஒருவர் மடியில் வைத்திருந்த பலாப்பழம் என் முழங்காலில் உரசிக்கொண்டே வந்தது. உடையார்கட்டில் இறங்கி மாமா ரோட்டைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். பிறகு ஒரு பாலை மரத்தைக் காட்டி, அதற்குப் பின்னால்தான் என்றார்.

மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. கிணறு, கோழிக்கூடு, புதிதாகக் கட்டிய சீமெந்து மதில். வீட்டுக்காரப் பெண் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறாமல் மாமாவைப் பார்த்தாள். “எங்கட காணியில ஒருத்தரையும் புதைக்கேல்லை ஐயா. புதைச்ச இடமெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆக்கள் வந்து கேக்கிறவை எண்டு குறிச்சு வச்சிருக்கிறம்” என்றாள். சமாதானம் சொல்லும் குரலில்தான் சொன்னாள். மாமா, ரோட்டுக்கு அந்தப் பக்கமாக இருக்கும் போல என்று முணுமுணுத்தார். அந்தப் பக்கம் குளம்.

திரும்பி வந்து பரந்தனில் இறங்கும்போது, சாகக் கிடக்கிறவளுக்கு ஒரு திதி சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா என்று கேட்டுவிட்டேன். தாய்மாமனிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான்காம் நாள் மாமா வயலுக்குப் போன பிறகு தர்சினியைப் பிடித்தேன். இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டு, ஏதாவது ஒரு காகிதம் இருக்கிறதா என்றேன். அவள் அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். ஓட வேண்டி வந்தால் அதை மட்டும் தூக்கினால் போதும். எங்கள் வீட்டில் காஸ் புத்தகம் எங்கே என்று மாதாமாதம் தேடுகிற எனக்கு வெட்கமாக இருந்தது.

பைக்குள் இடம்பெயர்ந்த காலத்துக் குடும்ப அட்டை இருந்தது. மடித்த இடம் கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. மாமா, அத்தை, தர்சினி. மூன்று பெயர்தான். அம்மாயியின் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“அப்பம்மாவுக்குத் தனிக் காட் எல்லோ மச்சாள்” என்றாள் தர்சினி.

நிவாரணச் சாமான்கள் சில, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு அட்டைக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்குமாம். அதனால் கிழவன் கிழவிகளைத் தனிக் குடும்பமாகப் பதிந்து வேறு அட்டை எடுத்துவிடுவார்கள். அவர்கள் பக்கத்தில் அதைச் செய்யாதவர்கள் இல்லை என்றாள். எங்கள் பக்கத்திலும் ரேஷன் கார்டை இப்படிப் பிரிப்பதுண்டு. என் மாமியாருக்கு நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதிவைச் சரிபார்க்க ஆள் வந்தால் அம்மாயி தடுமாறக் கூடாது என்று மாமா அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாராம். அதுவும் வீட்டில் ஒரு சிரிப்புக் கதை. தர்சினி அப்போது சின்னப் பிள்ளை. கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதிகாரி மாதிரி வந்து நிற்பாள். உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பாள். அம்மாயி கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்று சொல்லுவாள். பேனை பிடித்தவர்கள் எல்லோரும் அவளுக்குத் துரைதான். “‘எனக்கு ஒருத்தரும் இல்ல துரை, தனியாத்தான் சமைக்கிறேன்.’ இப்பிடித்தான் சொல்லுவா. பிழையாச் சொன்னா அப்பா திரும்பச் சொல்லச் சொல்லுவார். நாங்கள் எல்லாரும் சிரிப்பம்.”

தர்சினி சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாசலில் மாமா மண்வெட்டியோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாளைக்கு வவுனியாவுக்குப் போவோம் என்று என்னிடம் சொன்னார். அன்றிரவு அவர் சாப்பிடவும் இல்லை, கதை சொல்லவும் இல்லை.

ஐந்தாம் நாள் வவுனியா பஸ்ஸில் எங்களுக்கு முன் ஸீட்டில் லீவில் போகிற ஒரு சிப்பாய் இருந்தான். வழி முழுக்கப் போனில் சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தான். தோட்டத்தில் வளர்ந்ததால் மாமாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். என்ன பேசுகிறான் என்று கேட்டேன். பலாக்காய்க் கறி வை என்கிறான், நாய்க்கு ஊசி போட்டாயா என்கிறான், அப்பாவை ஏணியில் ஏற விடாதே என்கிறான் என்று மாமா காதோடு சொல்லிக்கொண்டு வந்தார். அவன் வழியில் இறங்கிப்போனான். மாங்குளம் தாண்டி, மாமா தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

சண்டையின் கடைசி நாளில் எல்லோரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தார்கள். அம்மாயிக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு தானே நடந்து வந்தாள். வந்தவர்களைப் பதிகிற இடத்தில், முகாமுக்குக் கொண்டுபோக அட்டைப்படி பஸ்ஸில் ஏற்றினார்கள். மூன்று பேருக்கு ஒரு வரிசை. தனியாள் கிழவிகளுக்கு வேறு வரிசை. அவள் வேறு பஸ்ஸில் ஏறுவதை மாமா பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. எல்லா பஸ்ஸும் ஒரே இடத்துக்குத்தான் போகும் என்று மாமா நினைத்திருந்தார்.

முகாமுக்குள் மாதக்கணக்கில் தேடியும் கிடைக்கவில்லை. செத்துத்தான் போயிருப்பாள் என்று முடிவுக்கு வந்தார். அக்காவிடம் அம்மாவைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வராமல், உடையார்கட்டு, காய்ச்சல், அடக்கம் என்று ஒரு கதையைக் கட்டிப் போனில் சொன்னார். முகாமிலிருந்து விட்ட பிறகு, மார்கழியில், வவுனியா முதியோர் இல்லம் ஒன்றில் கண்டாவளைக் கிழவி ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

“நான் போனனான். பாத்தனான்” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்த இல்லத்தின் வாசல் வரை வந்தவர் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். நான் மட்டும் போனேன். முற்றத்தில் மாமரம், கொடியில் வெள்ளைச் சேலைகள். அந்தக் காலத்திலிருந்து அங்கே வேலை செய்கிற ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். எல்லோரும் அவரைச் செல்வியக்கா என்றார்கள். நான் அங்கம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. தேத்தண்ணி சரியில்லை என்று தினமும் சண்டை பிடிப்பாளாம். பத்து மணிக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டு, கடைசியில் வாங்கியும் விட்டாளாம்.

பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். நீளக் கோடு போட்ட புத்தகம், சுத்தமான கையெழுத்து. அங்கம்மா. கண்டாவளை. உறவினர் என்ற கட்டத்தில், ஒருவரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் காலமான திகதி. சண்டை முடிந்த அடுத்த தை மாதம், பொங்கலுக்குப் பிறகு. எனக்கு வேண்டிய திகதி அதுதான். என் கைப்பையில் இருந்த சீட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு தடவை அடித்துத் திருப்பி எழுதினேன். எட்டு மாதம் அவள் அங்கே உயிரோடு இருந்திருக்கிறாள்.

யாரும் தேடி வரவில்லையா என்று கேட்டேன். செல்வியக்கா சொன்னார்.

“ஒருநாள் மகன் எண்டு சொல்லி ஒருத்தர் வந்தவர். அதிகாரியும் கொப்பியோட பக்கத்தில இருந்தவர். ‘ஆச்சி, இவர் உங்கட மகனோ’ எண்டு கேட்டவர். அவா எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு, ‘எனக்கு ஒருத்தரும் இல்ல துரை, தனியாத்தான் சமைக்கிறேன்’ எண்டு சொன்னவா. அந்த மனுசன் காலில விழுந்து அழுதது. அவா குனிஞ்சும் பாக்கேல்லை. அவற்ற குடும்ப அட்டையிலயும் அவான்ர பேர் இல்லை. நாங்கள் எப்பிடி விடுறது? கிராம சேவகரிட்டக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு அனுப்பினது.”

கிராம சேவகர் அலுவலகம் அப்போது அந்த ஊரில் திறக்கவே இல்லை. கடிதம் கிடைத்து மாமா திரும்பி வந்தபோது அவளை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

நான் பதிவேட்டை மூடிக் கொடுத்தேன். செல்வியக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றும் இருக்கிறது, இவ்வளவு நாள் அதை யாரிடமும் சொன்னதில்லை என்றார்.

“அவர் போன பிறகு அவா என்னைக் கூப்பிட்டவா. ‘புள்ள, நான் சரியாச் சொன்னேனா? அவனுக்கு ஒண்ணும் வராதில்ல?’ எண்டு கேட்டவா. கிழவி அலட்டுது எண்டு நினைச்சிட்டன். ஒண்டும் வராது, படுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டன்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். கொப்பி பிடித்த எல்லோர் மேலும், என் மேலும். கவுண்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற எத்தனை கிழவிகளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

வெளியே மாமா ஒரு வேப்ப மரத்தடியில் நின்றார். அத்தனை நாள் ஓம் என்றும் போனனான் என்றும் பேசிக்கொண்டிருந்தவர், தோட்டத்துப் பேச்சில் கேட்டார். “கோவத்துல தானே பாப்பா, அம்மா சொன்னிச்சி? நான் கைவிட்டுட்டேன்னு கோவத்துல தானே என்னைய தெரியாதுன்னிச்சி?” இத்தனை வருஷமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தாய் கோபித்துக்கொண்டு தன்னை இல்லை என்றுவிட்டாள் என்று.

மறைத்திருக்கலாம். இத்தனை பொய்க்குப் பிறகு இன்னொன்றைச் சேர்க்க எனக்குத் தெம்பு இல்லை. செல்வியக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். மாமா ரோட்டோரத்தில் குந்திவிட்டார். ஒரு முச்சக்கர வண்டிக்காரர் நிறுத்தி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

“கோவத்துலயே சொல்லியிருக்கலாம் பாப்பா” என்றார் மாமா. “கோவம்னா நான் எப்பிடியாச்சும் இருந்திருப்பேன்.”

பஸ் நிலையத்தில் ஒரு கடைக்கு முன்னால் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் பஞ்சாங்கத்தையும் கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தாள். வேறு எதுவும் சொல்லாமல் தேதியை மட்டும் சொன்னேன். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

“தை மாசமா?” என்றாள். ஆமாம் என்றேன். சண்டை வைகாசியிலேயே முடிந்துவிட்டதே என்றாள். ஆமாம் என்றேன். அம்மா கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி.

“அந்தத் தீபாவளிக்குத்தான்டி முதல் தடவையா அவளுக்குப் புடவை வச்சுப் படைச்சேன். உங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல இலை போட்டு வச்சேன். அப்ப அவ உயிரோட இருந்திருக்காளே.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அம்மா வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் நேரில் சொன்னேன். மாமா மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவரிடம் போனில் பேசினாள், வயலைப் பற்றியும் தர்சினி கல்யாணத்தைப் பற்றியும் மட்டும் பேசினாள். தை பிறந்தது. திதி நெருங்கியதும் நான் எள், பச்சரிசி, தர்ப்பை எல்லாம் வாங்கி வைத்து, ஐயரையும் வரச் சொல்லியிருந்தேன். முதல் நாள் மாலை டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“வேண்டாம்டி. உயிரோட இருந்தவள என் கையால ஒரு தடவ செத்தவங்க வரிசையில உக்கார வச்சுட்டேன். மறுபடியும் அந்தக் கையால வைக்கமாட்டேன்.”

ஐயருக்கு வர வேண்டாம் என்று நான்தான் போன் செய்தேன்.